நாலு சொட்டில் 600 செல்கள்: சைட்டோஸ்பின் எப்படி வேலை செய்கிறது?

வழக்கமா நாம இங்கே சர்வர், டேட்டாபேஸ்னு பேசிக்கிட்டிருப்போம். இன்னைக்கு ஒரு மருத்துவ ஆய்வகத்துக்குள்ளே போகப் போறோம். காரணம், என் அக்கா பையன்.

அவனுக்கு 6 வயசு. போன வருஷம் ரத்தப் புற்றுநோய்னு தெரிஞ்சது. ஏஎல்எல் என்கிற வகை. இந்த வகையில், புற்றுநோய் செல்கள் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருக்கிற நீருக்குள் நுழைந்திருக்கிறதா என்று ஆரம்பத்திலேயே பார்த்தாக வேண்டும். கீழ்முதுகில் ஊசி போட்டு அந்த நீரை எடுப்பார்கள். சிஎஸ்எஃப் என்று சொல்வார்கள். எவ்வளவு தீவிரமாக சிகிச்சை கொடுப்பது என்பதே அந்த முடிவைப் பொறுத்து மாறும்.

முதல் மாதிரிக்கு வந்த ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரிதான். 'செல்கள் சிதைந்துள்ளன, மறு மாதிரி அனுப்பவும்.' அந்த ஒரு வரிக்காகப் பையன் மறுபடியும் ஊசிக்குப் படுக்கணும். அக்கா அழுதுட்டாங்க. நான் கோபமா லேப்புக்குப் போய், "மெஷின் ரிப்பேரா மேடம்?"னு கேட்டேன். அங்கிருந்த டெக்னீஷியன் மேடம் கோபப்படலை. "உள்ள வாங்க தம்பி, காட்டுறேன்"னாங்க.

முதல்ல பிரச்சினையைப் புரிஞ்சுக்குவோம். ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளை அணுக்கள் இருக்கும். சிஎஸ்எஃப்-இல், ஆரோக்கியமான ஒருவருக்கு 5-க்கு மேல் இருக்காது. ஏஎல்எல்-இல் அந்த எண்ணிக்கை 5-க்குள்ளேயே இருந்தாலும், அதில் பிளாஸ்ட் எனும் புற்றுநோய் செல் தெரிந்தாலே நோயாளி வேறு பிரிவுக்குப் போய்விடுவார். அதனால எண்ணினால் மட்டும் போதாது, ஒவ்வொரு செல்லின் முகத்தையும் பார்க்கணும்.

மைக்ரோலிட்டருக்கு 3 செல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மைக்ரோலிட்டர் எடுத்து ஸ்லைடில் வைத்தால் கிடைப்பது 15 செல். அதில் ஒன்றிரண்டுதான் பிளாஸ்ட் என்றால் கண்ணில் படாமலே போகலாம். அதுவே 200 மைக்ரோலிட்டர், அதாவது சுமாரா நாலு சொட்டு எடுத்தால், அதில் 600 செல் இருக்கும். அவ்வளவையும் ஒரே இடத்தில் எப்படி இறக்குவது? அதற்குத்தான் சைட்டோஸ்பின்.

இதுவும் ஒரு சென்ட்ரிஃபியூஜ்தான். ஆனா சோதனைக்குழாய்க்குப் பதிலா ஸ்லைடே சுத்தும். ஒரு உலோக கிளிப்பில் கண்ணாடி ஸ்லைடு, அதன் மேல் நடுவில் ஓட்டை போட்ட ஃபில்டர் அட்டை, அதற்கு மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் புனல். மூன்றையும் சேர்த்துப் பூட்டி, புனலுக்குள் மாதிரியை விடுவார்கள். மெஷின் நிற்கும்போது திரவம் புனலுக்குள்ளேயே இருக்கும். சுற்ற ஆரம்பித்ததும் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு ஸ்லைடில் மோதும். பஸ் வளைவில் திரும்பும்போது நாம ஒரு பக்கமா சாயுறோம் இல்லையா, அதே கதைதான். செல்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரைச் சுற்றியிருக்கிற அட்டை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் சுமார் 6 மில்லிமீட்டர் அகல வட்டத்துக்குள் செல்கள் ஒரே அடுக்காகப் படிந்திருக்கும்.

"அப்போ வேகத்தைக் கூட்டினா இன்னும் நிறைய செல் ஒட்டுமே?"ன்னு கேட்டேன். இன்ஜினியர் புத்தி! மேடம் சிரிச்சாங்க. கணக்கு இதுதான்: விசை, சுற்றும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால், 1000 ஆர்பிஎம்-இல் புவியீர்ப்பைப் போல 112 மடங்கு விசை. 2000 ஆர்பிஎம்-இல் அது இரண்டு மடங்காகாது, நாலு மடங்காகி 447-ஐத் தொடும். அந்த விசையில் செல்கள் நசுங்கும், உட்கரு உருமாறும். நல்ல செல்லே நோய் செல் மாதிரி தெரிய ஆரம்பிக்கும். அதனால பொதுவா 500 முதல் 1000 ஆர்பிஎம், 5 முதல் 10 நிமிஷம். ஒவ்வொரு லேப்பும் தன் மெஷினில் பரிசோதித்து ஒரு அளவை வைத்திருக்கும்.

சின்ன தவறுகளும் பெரிசாகும். அட்டையின் ஓட்டையும் புனலின் வாயும் நேராக இல்லாவிட்டால், செல்கள் ஸ்லைடில் இறங்காமல் அட்டைக்குள் போய்விடும். செல்கள் அதிகமான மாதிரியை அப்படியே போட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், எதுவும் தெரியாது. அதனால் முதலில் எண்ணிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் உப்புக் கரைசல் சேர்த்து நீர்க்க வைப்பார்கள். சிஎஸ்எஃப்-இல் புரதம் மிகக் குறைவு என்பதால் செல்கள் எளிதில் உடையும். அதற்கு ஒரு சொட்டு அல்புமின் சேர்க்கும் வழக்கம் உண்டு. பிறகு ஸ்லைடைக் காற்றில் உலர்த்தி, லீஷ்மன் போன்ற சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைப்பார்கள்.

"இவ்வளவும் சரியா செஞ்சும் ஏன் மேடம் சிதைஞ்சுது?"

அவங்க கம்ப்யூட்டரில் இரண்டு நேரத்தைக் காட்டினாங்க. மாதிரி எடுத்த நேரம், லேப்புக்கு வந்த நேரம். நடுவில் கிட்டத்தட்ட 2 மணி நேரம். உடம்பை விட்டு வெளியே வந்ததும் அந்த நீரில் செல்கள் அழிய ஆரம்பித்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் ஸ்லைடு போடுவதுதான் நல்லது. அப்போதான் எனக்கு உறைச்சுது. மாமா ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு பில் கவுன்ட்டரில்தான் நின்றிருந்தார். பார்கோடு அச்சாகலை, 'சிஸ்டம் ஸ்லோ'ன்னு உட்கார வெச்சிருக்காங்க.

மெஷின் மேல கோபப்பட்டு வந்தவன் நான். கடைசியில் தப்பு நடந்த இடம், என்னை மாதிரி ஒருத்தன் எழுதின சாஃப்ட்வேர். "இந்த மெஷின் புதுசா எதையும் உண்டாக்காது தம்பி. இருக்கிறதைக் கூட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். வர்றதுக்குள்ள செத்துட்டா நான் எதைக் கூட்ட?"ன்னாங்க.

இரண்டாவது முறை முந்தின நாளே பணம் கட்டி, பார்கோடு வாங்கி வெச்சுக்கிட்டோம். லேப்புக்கு முன்கூட்டியே போன் பண்ணிச் சொன்னோம். ஊசி போட்ட 15-ஆவது நிமிஷம் மாதிரி மேடம் கையில். பிளாஸ்ட் இல்லைன்னு ரிப்போர்ட் வந்தது. சிகிச்சை இன்னும் போய்க்கிட்டுதான் இருக்கு.

உங்க வீட்டில் யாருக்காவது இந்தப் பரிசோதனை எழுதினால், ஊசி போடுறதுக்கு முன்னாடியே மூணு கேள்வி கேளுங்க: மாதிரியை யார் எடுத்துட்டுப் போறாங்க, எந்த லேப், எவ்வளவு நேரத்துக்குள்ள போய்ச் சேரணும். என்னை மாதிரி ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பார்கோடு வராவிட்டாலும், கையால் பெயர் எழுதி மாதிரியை உள்ளே வாங்க ஒரு வழி வையுங்க.