தொலைக்காட்சிப் படத்தில் இடைச்செருகல்

தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் கடைகளில் 60, 100, 120 ஹேர்ட்ஸ் என்னும் எண்கள் இன்று பெரிதாகப் பொறிக்கப்பட்டுள்ளன. எண் உயர உயரப் படமும் உயிர்பெறும் என்பது வணிகர் கூற்று. அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மை அன்று. சில பெட்டிகளிற் படம் நேரிற் காண்பது போலத் தோன்றுவதற்குக் காரணம் யாது என்பதையும், அத்தோற்றத்தை எத்துணை நம்பலாம் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

இயங்கும் படம் என நாம் வழங்குவது உண்மையில் அசையாத படங்களின் வரிசையே. அவை விரைந்து அடுத்தடுத்துத் தோன்ற, கண்ணும் மூளையும் கூடி அவற்றைத் தொடர்ந்த இயக்கமாக அமைத்துக்கொள்கின்றன. பேசும் படம் நிலைபெற்ற காலந்தொட்டுச் சினிமா செக்கனுக்கு 24 படங்களைக் கொண்டது. 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது நம் நாட்டிற் பரவிய ஒளிபரப்பு முறையோ 25 படங்களுக்குரியது. அதில் ஒவ்வொரு படமும் ஒன்றுவிட்ட வரிகளாக இரு பாதிகளாய் அனுப்பப்பட்டது. விளையாட்டரங்கிலுள்ள கமெரா அவ்விரு பாதிகளையும் வெவ்வேறு கணங்களிற் பதிந்தமையால், பார்ப்போருக்குச் செக்கனுக்கு 50 கணங்கள் கிடைத்தன. ஒரே பெட்டியிற் துடுப்பாட்டம் நேரிற் காண்பது போலவும், சினிமா சற்று விலகி நிற்பது போலவும் தோன்றியமைக்கு இதுவே முதற் காரணமாகும்.

இரண்டாவது காரணம் படம் திரையில் நிற்கும் நேரம். பழைய குழாய்ப் பெட்டியில் ஒவ்வொரு புள்ளியும் மின்னி உடனே மங்கிவிடும். இக்காலத் தட்டைத் திரைகளிற் பெரும்பாலானவை அடுத்த படம் வரும்வரை முந்திய படத்தை அசையாது பிடித்துவைத்திருக்கும். இதன் விளைவை உணரச் செட்டிகுளம் புகையிரத நிலையத்தில் நிற்காது செல்லும் வண்டியொன்றை நினைத்துக்கொள்க. யன்னலொன்றைக் கண்ணாற் பின்தொடர்ந்தால் அதிலிருப்பவர் முகம் தெளிவாகத் தெரியும். கண்ணை ஒரு தூணில் நிறுத்தினால் வண்டி முழுவதும் மங்கிய கோடாகும். திரையில் ஓடும் பொருளையும் நம் கண் இடையறாது பின்தொடர்கிறது. ஆனாற் படமோ ஓரிடத்தில் நின்று, பின் அடுத்த இடத்திற்குத் தாவுகிறது. நகரும் கண்ணில் நிற்கும் படம் இழுபட்டு மங்குகிறது.

இதனைக் கணக்கிட்டும் காணலாம். 1920 புள்ளிகள் அகலமுள்ள திரையை ஒரு பந்து 2 செக்கனிற் கடக்குமாயின், அது செக்கனுக்கு 960 புள்ளிகள் செல்கிறது. செக்கனுக்கு 60 படங்கள் எனின் மங்கல் 16 புள்ளிகள். 120 படங்கள் எனின் 8 புள்ளிகள். ஆயின் அந்த 120 படங்களும் வெவ்வேறானவையாக இருத்தல் வேண்டும். ஒரே படத்தை இருமுறை காட்டினால் மங்கல் குறையாது.

ஒளிபரப்பில் வராத புதிய படங்களைப் பெட்டி எங்கிருந்து பெறும்? அதுவே ஆக்கிக்கொள்கிறது. அடுத்தடுத்த இரு படங்களை ஒப்பிட்டு, எப்பொருள் எத்திசையில் எவ்வளவு நகர்ந்தது எனக் கணித்து, நடுவே இருந்திருக்கக்கூடிய படத்தை வரைந்து புகுத்துகிறது. தமிழ் கற்றோர் இதற்கு வேறு பெயர் தேடவேண்டியதில்லை, இஃது இடைச்செருகலே. புறநானூற்றை 1894இற் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடு சிதைந்த இடங்களைத் தம் புலமையால் நிரப்பாது புள்ளியிட்டு விட்டார். பெட்டியோ புள்ளியிடுவதில்லை, நிரப்பிவிடுகிறது. பெரும்பாலும் அதன் ஊகம் பொருந்தும். பந்து ஒருவருக்குப் பின்னே மறைந்து வெளிப்படும்போதும், விரல்கள் விரைந்து அசையும்போதும் ஓரங்கள் கலைந்து நடுங்குவதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம்.

இதனால் வருவது யாது? 1992 நவம்பரிற் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரிற் சச்சின் டெண்டுல்கர் ஓடும்போது ஆட்டமிழந்தார் என, ஒளிப்பதிவை நோக்கிய மூன்றாம் நடுவர் தீர்ப்பளித்தார். அம்முறையில் ஆட்டமிழந்த முதல்வர் அவரே. செக்கனுக்கு 7 மீற்றர் ஓடும் வீரர் செக்கனின் 50இல் ஒரு பங்கில் 14 சென்ரிமீற்றர் கடந்துவிடுவார். கோட்டைத் தொட்டாரா இல்லையா என்னும் வழக்கு அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடக்கூடும். அவ்விடைவெளியிற் பெட்டி தானே வரைந்த படம் கண்ணுக்கு இனிதாகலாம், சாட்சியாகாது. வீட்டுத் திரையிற் கண்டதை மட்டும் கொண்டு நடுவரைப் பழிப்போர் இதனை நினைத்தல் நன்று.

சினிமாவின் நிலை வேறு. 24 படங்களின் மெல்லிய தடுமாற்றமும் நெறியாளர் அறிந்தே கையாண்ட தன்மையாகும். அதனை வழுவழுப்பாக்கினாற் காவியம் நாடக மேடை ஒத்திகை போலாகிவிடுகிறது எனப் பலர் குறைகூறுவர். 2012இற் செக்கனுக்கு 48 படங்களாக எடுக்கப்பட்ட ‘ஹொபிட்’ படத்திற்கும் இக்குறை கூறப்பட்டது. அங்கே படங்கள் யாவும் கமெரா கண்டவையே. எனினும் கண்ணின் பழக்கம் உடன்படவில்லை. செக்கனுக்கு 120 படம் காட்டும் திரை சினிமாவிற்கு உதவும் வழி பிறிதொன்று. 120 என்பது 24இன் ஐம்மடங்கு. ஆகவே ஒவ்வொரு படத்தையும் சமகாலம் நிறுத்தலாம். 60இல் அது இயலாது; ஒரு படம் இருமுறையும் அடுத்தது மும்முறையும் காட்டப்படவேண்டும்.

எனவே பெட்டி வாங்குவோர் எண்ணை மட்டும் கேளாது, அது திரையின் மெய்யான வேகமா, விளம்பரத்திற்குப் பெருக்கிய எண்ணா எனக் கேட்டல் வேண்டும். வாங்கியபின், படம் நிரப்பும் வசதியை விளையாட்டிற்கு வேண்டின் வைத்துக்கொள்ளலாம், சினிமாவிற்கு நிறுத்திவிடலாம். மாணவர்க்கு இதில் வேறொரு பயனும் உண்டு. கமெரா கண்டது எது, கருவி ஊகித்தது எது எனப் பிரித்தறியும் பழக்கம், இனி வரும் காலத்தில் தொலைக்காட்சிக்கு அப்பாலும் அவர்க்கு வேண்டப்படும்.