உங்களுக்குத் தெரியுமா? தானமாக வந்த சர்வருக்கும் தீனி வேண்டும்

தானமாக வந்த மாட்டின் பல்லைப் பார்க்க வேண்டாம்; தீவனக் கணக்கைப் பார்த்தே ஆகவேண்டும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைக்காரர்களுக்கு இது பழகிய கணக்கு: பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட அரசு மானியம் கிடைத்தது, ஓட்டும் செலவு உறுப்பினர்கள் தலையில். கட்டற்ற மென்பொருள் குழுக்களுக்கு நன்கொடையாக வரும் சர்வரும் அப்படித்தான். மின்சாரம், குளிரூட்டல், இணைய இணைப்பு, பழுது பார்க்கும் ஆள் என்று செலவெல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 2003 முதல் இத்தகைய சர்வர்களுக்கு இடம் தரும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஓப்பன் சோர்ஸ் லேப்கூட, தொடர்ந்து இயங்க 2,50,000 டாலர் வேண்டுமென்று 2025இல் முறையிட்டது. கிளவுடில் வாடகைக்கு எடுத்தால் போதாதா எனலாம். சிறு தளத்துக்குப் போதும். அரிய வகைப் பிராசஸரில் மென்பொருளைச் சோதிக்க அந்த இயந்திரமே வேண்டியிருக்கும். வேலூர்ப் பக்கக் கல்லூரிகள் தாராளமாகச் சர்வரை ஏற்கட்டும், மின்கட்டணம் கட்ட ஆள் பார்த்துக்கொண்டு.