யாத்திரைப் படங்களும் கடிகாரக் கணக்கும்

யாத்திரை என்பது பல ஊர்களின் தொகுதி மட்டும் அன்று. அவ்வூர்களின் வரிசையும் ஆகும். இராமேசுவரத்தில் கடலாடி, அங்கே எடுத்த மணலைப் பிரயாகைக்குக் கொண்டு சென்று திரிவேணி சங்கமத்திற் கரைத்து, கங்கைத் தீர்த்தத்தை முகந்துகொண்டு மீண்டும் இராமேசுவரம் வந்து இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வித்த பின்னரே காசி யாத்திரை நிறைவுறும் என்பது நம் முன்னோர் வகுத்த முறை. இதில் முன்னது பின்னாகவும் பின்னது முன்னாகவும் மாறினால் சடங்கின் பொருளே மாறிவிடும்.

ஆயினும், இன்று இத்தகைய யாத்திரை சென்று திரும்பும் குடும்பங்களின் படத் தொகுதியைக் கணினியில் திறந்து பார்த்தால், வரிசை என்பதே இல்லை. கங்கா ஆரத்திக்கு நடுவே கயையின் பிண்டதானம் தோன்றுகிறது. பிரயாகைப் படகுக்கு முன்னே மைசூருக்குத் திரும்பிய வண்டி வந்து நிற்கிறது. முற்காலத்தில் ஒரு குழுவுக்கு ஒரு காமிராவும், அதில் 36 படங்கள் கொண்ட ஒரு சுருளுமே இருந்தன. சுருளின் ஓரத்தில் அச்சிட்ட எண்களே வரிசையைக் காட்டிவிடும். இன்றோ நான்கு குடும்பங்கள் புறப்பட்டால் ஏழு கருவிகள் உடன் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கடிகாரம். ஒவ்வொரு கடிகாரமும் தன் போக்கில் ஓடுகிறது. குழப்பத்தின் வேர் இதுவே.

இவ்வேர் நமக்குப் புதியதன்று. இரயில்வே அலுவலகத்தில் பேனா பிடிக்கும் எம்மனையோர்க்கு இது பழங்கதை. ஒரு காலத்தில் இந்தியாவில் பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம், சென்னைக்கு ஒரு நேரம் வழங்கின. சென்னை நேரம் பம்பாய் நேரத்தினும் சுமார் அரைமணி முந்தியது. கல்கத்தா நேரமோ சென்னையினும் அரைமணிக்குச் சற்று மிகுதியாக முந்தியது. நுங்கம்பாக்கத்தில் 1792-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வானாய்வுக் கூடத்தின் கணக்கையொட்டிய சென்னை நேரத்தையே புகைவண்டிகள் பெரும்பாலும் தமக்குப் பொது நேரமாகக் கொண்டன. வண்டி எவ்வூரில் நின்றாலும் அட்டவணைக்கு ஒரே கடிகாரந்தான். பின்னர் 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து, கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை அடிப்படையாகக் கொண்டு, கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அப்படியும் கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை முழுதும் விட்டுவிடவில்லை.

சூரியனைக் கொண்டு கணித்தால், மைசூருக்கும் காசிக்கும் இன்றும் சுமார் 25 நிமிட வேறுபாடு உண்டு. ஆயினும் இங்கிருந்து காசிக்குச் செல்லும் வண்டி எந்நிலையத்திலும் கடிகாரத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. பல கடிகாரங்களுள் ஒன்றைத் தலைமையாகக் கொண்டு, ஏனையவற்றை அதற்கு ஒப்பிட்டுத் திருத்துவதே வழி. புகைவண்டிக்கு உரிய இவ்வழியே புகைப்படத்துக்கும் உரியது.

இனிப் படத்தினுள் நேரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் காண்போம். டிஜிட்டல் காமிரா ஒவ்வொரு படத்தோடும் ஒரு சிறு குறிப்பையும் எழுதி வைக்கிறது. எடுத்த நாள், மணி, நிமிடம், வினாடி, காமிராவின் பெயர் முதலியன அதில் அடங்கும். ஜப்பானில் 1995-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட இம்முறைக்கு 'எக்ஸிஃப்' என்று பெயர். நமக்கு வேண்டியது இதிலுள்ள 'எடுத்த நேரம்' ஒன்றே. கணினி காட்டும் 'மாற்றிய தேதி'யை நம்புதல் கூடாது. பிரதி எடுக்கும்போதும் திருத்தும்போதும் அது மாறக்கூடியது. படத்தின் பெயரையும் நம்புதல் கூடாது. பெரும்பாலான காமிராக்கள் நான்கு எழுத்தும் நான்கு எண்ணுமாகப் பெயரிட்டு, 9999 ஆனவுடன் மீண்டும் 0001 என்று தொடங்குகின்றன. ஒரே நிறுவனத்தின் காமிராக்கள் இரண்டு இருந்தால் இரண்டிலும் ஒரே பெயருள்ள படங்கள் தோன்றும். அவற்றை ஒரே உறையில் இட்டால், ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டு முந்தியது அழிந்துபோகவும் கூடும்.

எடுத்த நேரமே துணை என்றோம். ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. அந்நேரம் எந்நாட்டு நேரம் என்பதை எழுதும் இடம் எக்ஸிஃபில் நெடுங்காலம் இல்லை. 2016-இல் வந்த திருத்தத்தில்தான் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. பழைய காமிராக்கள் அதை அறியா. ஆகவே, கடிகாரம் எவ்வெவ்வாறு பிழைக்கும் என்பதை நாமே தெரிந்துகொள்ளல் வேண்டும்.

முதலாவது, அயல்நாட்டு நேரம். சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பியின் காமிரா நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியிருக்கும். மாலை ஏழு மணி ஆரத்தியை இரவு ஒன்பதரை என்று எழுதும். இலண்டனிலிருந்து வந்த மருமகளின் காமிரா குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் கோடையில் நாலரை மணியும் பிந்தும். இரண்டாவது, முற்பகல் பிற்பகல் மாறுதல். இதில் வேறுபாடு சரியாகப் பன்னிரண்டு மணி. மூன்றாவது, மின்கலம் தீர்ந்து நெடுநாள் கிடந்த காமிரா, தன் நாட்காட்டியைப் பல ஆண்டு பின்னுக்குத் தள்ளிக்கொள்வது. நான்காவது, மெல்ல மெல்ல ஓரிரு நிமிடம் விலகும் இயல்பான தளர்ச்சி.

ஐந்தாவது ஒன்றும் உண்டு. வைணவ அன்பர்கள் இதைச் சிறப்பாகக் கருதவேண்டும். நேபாள நாடு 1986 முதல் கிரீனிச்சுக்கு ஐந்தேமுக்கால் மணி முந்திய நேரத்தைக் கொண்டுள்ளது. அதாவது, நம்மைவிடக் கால்மணி முந்தியது. முக்திநாத்துக்குச் செல்வோரின் கைபேசி அந்நாட்டுத் தொடர்பைப் பெற்றவுடன் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும். தொடர்பு பெறாத கைபேசியும், கழுத்தில் தொங்கும் காமிராவும் இந்திய நேரத்திலேயே நிற்கும். ஒரே குடும்பத்தில் இரண்டு நேரம்! மணிக்கணக்கில் பிழைத்தால் கண்ணில் படும். கால்மணிப் பிழையோ கண்ணில் படாமல் கதையை மாற்றிவிடும்.

எங்கள் அக்ரஹாரத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே சொல்லுதல் தகும். நான்கு வீட்டார் சேர்ந்து காசிக்கும், அங்கிருந்து கோரக்பூர், சுநௌலி வழியாக முக்திநாத்துக்கும் சென்று வந்தனர். குழுவில் மூத்தவர் எண்பத்தொரு வயதுப் பாட்டியார். ஊர் திரும்பிச் சில மாதங்களுக்குப் பின் அவர் பரமபதம் எய்தினார். உத்தியோகம் காரணமாக உடன் செல்லாதிருந்த அவர் மகன், முக்திநாத்தில் எடுத்த இரண்டு படங்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தார். காமிராப் படம் 10 மணி 48 நிமிடம் என்றது. அதில் அம்மையார் படியில் அமர்ந்து புன்னகை புரிகிறார். கைபேசிப் படம் 10 மணி 52 நிமிடம் என்றது. அதில் இருவர் தாங்கிப் பிடிக்க, மார்பிற் கைவைத்து மூச்சு வாங்குகிறார். 3,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் தரிசனம் முடிந்த பின்னும் தாயை வருத்திவிட்டார்களே என்பது மகனின் துயரம். உடன் சென்றவர்களோ ஆளுக்கொரு விதமாக நினைவு கூர்ந்தனர்.

விடையைக் கணக்குத்தான் கூறிற்று. கைபேசி நேபாள நேரத்தில் இருந்தது. காமிரா இந்திய நேரத்தில் இருந்தது. கைபேசியின் 10.52-இல் கால்மணியைக் கழித்தால் 10.37. எனவே மூச்சு வாங்கியது முன்னே; அமர்ந்து இளைப்பாறிப் புன்னகை பூத்தது பதினொரு நிமிடம் பின்னே. அம்மையாரின் கடைசி முக்திநாத் படம் அந்தப் புன்னகையே. அதுவே இன்று அவ்வீட்டுக் கூடத்தில் மாலையுடன் விளங்குகிறது. கால்மணிக் கணக்கு ஒரு மகனுக்கு எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனிச் செய்முறை. இதைப் புறப்படும் முன், வழியில், திரும்பிய பின் என மூன்றாகப் பகுத்துக்கொள்க.

புறப்படும் முன், மைசூரு நிலையத்து மேடையில் எல்லோரும் நிலையக் கடிகாரத்தையோ, வினாடியும் தெரியும் ஒரு கைபேசியின் முகப்பையோ தத்தம் கருவியால் ஒரு படம் எடுத்துவிடுக. செலவில்லாத காரியம் இது. எல்லாக் கடிகாரங்களையும் சரிசெய்ய நேரமில்லாவிடினும் இந்த ஒரு படம் போதும். அதில் தெரியும் நேரமும், காமிரா தன்னுள் எழுதிய நேரமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது பின்னர் வெளிப்படும்.

வழியில், எவரும் காமிராவின் நேரத்தை நடுவே திருத்த வேண்டா. ஒரே அளவாய்ப் பிழைக்கும் கடிகாரத்தை முழுதும் திருத்திவிடலாம். பாதிவழியில் மாற்றிய கடிகாரத்துக்கு இரண்டு கணக்கு வேண்டும். மின்கலத்தை மாற்றினால் மறவாமல் மீண்டும் ஒருமுறை கடிகாரத்தைப் படம் எடுத்துக்கொள்க.

திரும்பிய பின், ஒவ்வொரு கருவியின் படங்களையும் தனித்தனி உறையில் இட்டு, முழுத் தொகுதிக்கும் ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்துவிடுக. மூலத்தைத் தொடாமல் பிரதியிலேயே திருத்துதல் வேண்டும். பின்பு வேறுபாட்டைக் கணக்கிடுக. நிலையக் கடிகாரம் 19 மணி 4 நிமிடம் 10 வினாடி காட்டியபோது, சிங்கப்பூர்க் காமிரா 21 மணி 34 நிமிடம் 10 வினாடி என்று எழுதியிருந்தால், அக்காமிராவின் எல்லாப் படங்களிலும் இரண்டரை மணியைக் கழிக்க வேண்டும். மற்றொரு பழைய காமிரா 18 மணி 58 நிமிடம் 25 வினாடி என்று எழுதியிருந்தால், அதற்கு 5 நிமிடம் 45 வினாடி கூட்டவேண்டும்.

கடிகாரப் படம் எடுக்கத் தவறியோர் மனந்தளர வேண்டா. இரண்டு கருவிகளிலும் பதிந்த ஒரே நிகழ்ச்சியைத் தேடுக: ஆரத்தி விளக்கு உயர்ந்த கணம், படகு கரையை விட்ட கணம், வண்டி அசைந்த கணம். அவ்விரு படங்களின் நேர வேறுபாடே கருவிகளின் வேறுபாடு. ஒன்றை நம்பாமல் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

ஆயிரம் படங்களை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டுமோ என்று அஞ்ச வேண்டா. ஓர் உறையிலுள்ள படங்கள் அனைத்தின் நேரத்தையும் ஒரே கட்டளையால் முன்னோ பின்னோ நகர்த்தும் இலவச மென்பொருள்கள் உள்ளன. பில் ஹார்வி என்பார் 2003 முதல் வழங்கிவரும் 'எக்ஸிஃப்டூல்' அவற்றுள் ஒன்று. கண்ணாற் பார்த்துச் செய்ய விரும்புவோருக்கு 'டிஜிகேம்' ஏற்றது. நேபாளம் போன்ற எல்லை கடந்த பயணங்களிலும் வரிசைப்படுத்துவதற்கு இந்திய நேரம் ஒன்றையே தலைமையாகக் கொள்க. அவ்வூர் நேரம் வேண்டுமாயின் படத்தின் கீழ்க்குறிப்பில் எழுதிக்கொள்ளலாம்.

திருத்திய பின் பெயர் சூட்டுதல். நாம் தேதி எழுதும்போது நாளை முன்னும் ஆண்டைப் பின்னும் எழுதுவது வழக்கம். கணினிக்கு அது பொருந்தாது. 2024 ஜனவரி 2-ஐ, 2023 டிசம்பர் 28-க்கு முன்னே வைத்துவிடும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், வினாடி என்னும் முறையில், மாதத்தையும் நாளையும் இரண்டிரண்டு இலக்கமாகப் பெயரிட்டால், பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். இறுதியில் எடுத்தவரின் முதலெழுத்தையும் ஒரு தொடர் எண்ணையும் சேர்த்தால், ஒரே வினாடியில் எடுத்த இரு படங்கள் மோதிக்கொள்ளா. இவ்வளவும் முடிந்த பின்னரே எல்லா உறைகளையும் ஒன்றாக்குக.

வாட்ஸ்ஆப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அதன்வழி சாதாரணப் படமாக அனுப்பினால், படம் சுருங்குவதோடு எடுத்த நேரக் குறிப்பும் உதிர்ந்துவிடும். பெயரிலும் எடுத்த நேரம் இராது. உறவினரிடம் படம் கேட்கும்போது, 'டாக்குமென்டாக' அனுப்புமாறு கேளுங்கள். அல்லது நேரிற் சென்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் உறங்கும் பழைய காகிதப் படங்களை ஸ்கேன் செய்தால், கணினி அன்றைய தேதியையே இட்டுவிடும். 1965-ஆம் ஆண்டுக் கல்யாணம் நேற்று நடந்ததாகிவிடும். அவற்றுக்குப் படத்தின் பின்புறத்து எழுத்து, நெகடிவின் ஓரத்து எண், இவற்றினும் மேலாகப் பெரியோர்களின் நினைவு, இவையே சான்று. முன்னிரண்டும் காத்திருக்கும், மூன்றாவது காத்திராது. ஆகவே, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் பாட்டனார் பாட்டியாருடன் அமர்ந்து, எந்தப் படம் முன், எந்தப் படம் பின், உடன் நிற்பவர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுதல் நன்று.

தலைமுறைக்கு முன் தமிழகத்தை விட்டு இங்கு வந்து குடியேறியவர்கள் நாம். எவ்வூரிலிருந்து எவ்வூர் வந்தோம், யாருடன் வந்தோம், எதற்குப் பின் எது நிகழ்ந்தது என்பதே நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லும் வரலாறு. அடுத்த யாத்திரைக்குப் புறப்படும் குழுவினர், சமையலுக்கும் பணத்துக்கும் பொறுப்பாளரை நியமிப்பது போலப் படங்களுக்கும் ஒருவரை நியமித்துக்கொள்வாராக. மேடையில் வண்டி வந்து நிற்குமுன் அவர் எல்லோரையும் கூட்டி, கடிகாரத்தை ஒரு படம் எடுக்கச் சொன்னால் போதும். மற்றவை தாமே வரிசைக்கு வரும்.