சம்பந்தருக்குக் காலம் கண்ட பேராசிரியர்

பழந்தமிழ் இலக்கியத்தையும் வரலாற்றையும் புதிய தலைமுறையிடம் கொண்டுசேர்த்தவர்களில் பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) முதன்மையானவர். ஆலப்புழையில் பிறந்த அவர் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தார்.

தேவாரம் பாடிய திருஞானசம்பந்தரை மொழியறிஞர் கால்டுவெல் 13ஆம் நூற்றாண்டினராகக் கருதியிருந்தார். சுந்தரம் பிள்ளையோ இலக்கியச் சான்றுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் அல்லர் என்று வாதிட்டார். பக்தியோடு மட்டுமே அணுகப்பட்ட ஒருவரை வரலாற்று மனிதராக நிறுத்திய இம்முயற்சி மிகத் துணிவானது. அவருடைய பணிகளில் இதுவே தலையாயது எனலாம். கல்வெட்டுகளைப் படித்து, தென்கேரளத்து வேணாட்டு மன்னர்களின் வரலாற்றையும் 1894இல் நூலாக்கினார்.

1891இல் வெளியான அவருடைய ‘மனோன்மணீயம்’ ஆங்கில எழுத்தாளர் லிட்டனின் கதையொன்றைத் தழுவி, பழைய ஆசிரியப்பா நடையில் எழுதப்பட்ட நாடகம். அதன் தமிழ் வணக்கப் பாடலின் பகுதியே தமிழ்நாட்டு அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடப்படுகிறது.