கண்ணாடி ஏன் தடித்துக்கொண்டே போகிறது?

பஹ்ரைனின் ஈசா டவுனில் ஜூலை மாதப் பகலில் தெருவில் ஒரு பிள்ளையையும் பார்ப்பது அரிது. வெயில் 40 டிகிரியைத் தொடும். இந்தியன் ஸ்கூலில் படிக்கும் நம் பிள்ளைகளில் ஊருக்குப் போகாதவர்கள் ஏசி அறையில், கைபேசியும் கையுமாக இருப்பார்கள்.

பிறக்கும்போது சுமார் 17 மி.மீ. நீளமுள்ள கண் வளர்ந்து 24 மி.மீ. அளவில் நிற்க வேண்டும். நிற்காமல் நீண்டால், பிம்பம் விழித்திரைக்கு முன்பே விழும். அதுதான் கிட்டப்பார்வை. ஒரு மி.மீ. கூடினாலே ஏறக்குறைய மைனஸ் இரண்டரை பவர். நீண்ட கண் பிறகு சுருங்காது.

திரையை மட்டும் திட்டுவது பாதி உண்மைதான். மணிக்கணக்கில் கிட்டத்தில் பார்ப்பது ஒரு காரணம். வெளிச்சம் போதாதது இன்னொன்று. வீட்டுக்குள் சில நூறு லக்ஸ் வெளிச்சம்; வெளியே பத்தாயிரத்துக்கும் மேல். பிரகாசமான ஒளியில் விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரந்து கண்ணின் நீட்சிக்குக் கடிவாளம் போடுகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. தைவான் பள்ளிகள் 2010இலிருந்து தினமும் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை வெளியே அனுப்பின. பார்வைக் குறைபாட்டின் ஏறுமுகம் இறங்குமுகமாகத் திரும்பியது.

கண் எரிச்சல் வேறு கதை. திரையை உற்றுப் பார்க்கையில் இமைப்பது பாதிக்கும் கீழே குறைகிறது. ஏசி காற்று மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும். நீல ஒளி தடுக்கும் கண்ணாடிக்கு தினார் செலவழிப்பது, என்னைக் கேட்டால், வீண். 2023இல் வந்த காக்ரேன் மருத்துவ ஆய்வு மதிப்பாய்வில் அதனால் கண்சோர்வு குறைந்ததாகத் தெரியவில்லை.

வளைகுடாவில் நண்பகலில் யாரையும் வெளியே தள்ள வேண்டாம். காலை ஏழு மணி நிழலிலேயே தேவையான வெளிச்சம் கிடைக்கும்.