89 பர்சன்ட் வாங்கியும் ஜீரோ!

ஃபர்ஸ்ட் இயர் சி லேப். ஐந்து சப்ஜெக்ட் மார்க்கைக் கூட்டி பர்சன்டேஜ் கண்டுபிடிக்கிற குட்டி புரோகிராம். மொத்தம் 445. அதை 500-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கணும். எட்டாங்கிளாஸ் பையன்கூட 89-னு சொல்லிடுவான். கம்ப்யூட்டர் கூலா சொன்ன பதில்... 0! 'என்ன மச்சி, அஞ்சுலயும் அரியரா?'னு பக்கத்து சிஸ்டம் நண்பன் கலாய்க்க, லேபே சிரிச்சுது.

மெஷின் மேல தப்பில்லை பாஸ். 445, 500 ரெண்டுமே முழு எண், அதாவது இன்ட். சி மொழியில் இன்ட்டை இன்ட்டால் வகுத்தால் விடையும் இன்ட்தான். 0.89-ல் புள்ளிக்குப் பின்னால் இருப்பதெல்லாம் காலி. மிச்சமிருக்கிற 0-வை 100-ஆல் பெருக்கினா என்ன, கோடியால் பெருக்கினா என்ன?

'முன்னாடி ஃப்ளோட்னு ஒரு வார்த்தை போடுடா' என்பார் சீனியர். அங்கேதான் அடுத்த குழி. வகுத்து முடிச்ச விடைக்கு ஃப்ளோட் போட்டால், அந்த 0 வெறுமனே 0.0 ஆகும். வகுக்கும் முன்பே 445-ஐ ஃப்ளோட் ஆக்கிடணும். துணைக்கு 500-ம் தானாகவே மாறிக்கும். 89 வந்துடும்!

பைத்தான் பார்ட்டிகளே, ரொம்ப சிரிக்காதீங்க. கீபோர்டில் நீங்க தட்டுவது எல்லாமே அங்கே ஸ்ட்ரிங். 45-ம் 40-ம் கூட்டச் சொன்னா, ரெண்டையும் ஒட்டவெச்சு 4540-னு நீட்டும். 72.9-ஐ இன்ட் ஆக்கினா 73 கிடைக்காது, 72தான்.

லேபில் போனது மானம் மட்டும்தான். 1996 ஜூன் 4-ம் தேதி போனது ஒரு ராக்கெட். ஐரோப்பாவின் ஏரியன் 5, நான்கு செயற்கைக்கோள்களோடு பிரெஞ்ச் கயானாவின் கூரூவிலிருந்து முதல் முறையா கிளம்பியது. சுமார் 40 விநாடியில் வானத்திலேயே சிதறியது. காரணம், 64 பிட் ஃப்ளோட் ஒன்றை 16 பிட் இன்ட் ஆக மாற்றிய இடம். 16 பிட்டில் அதிகபட்சம் 32,767 வரைதான் அடங்கும். வந்த எண் அதைவிடப் பெரிசு.

சாஃப்ட்வேர், பழைய ஏரியன் 4-ல் ஒழுங்கா ஓடியதுதான். புது ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் ரொம்ப அதிகம். அதை யாரும் சரிபார்க்கலை. ஆபத்தான ஏழு மாற்றங்களில் நாலுக்கு மட்டும் பாதுகாப்பு போட்டுட்டு, மூணை 'இது தாண்டாது'னு விட்டிருந்தாங்க. தாண்டியது அந்த மூணில் ஒண்ணு. பேக்கப் கம்ப்யூட்டர்? அதிலும் அதே புரோகிராம், அதே நிமிஷத்தில் அதுவும் அவுட். இன்னொரு கொடுமை... அந்தக் கணக்கே ராக்கெட் கிளம்பின பிறகு தேவைப்படாத ஒண்ணு! கடைசியில் பழுதான கருவி அனுப்பிய கோளாறுத் தகவலை, பறக்கும் விவரம்னு நினைச்சு மெயின் கம்ப்யூட்டர் ராக்கெட்டைத் திருப்ப, அது காற்றின் அழுத்தத்தில் உடைஞ்சது.

நம்ம ஊர் லேப்களில் பல வருஷம் குப்பை கொட்டிய டர்போ சி-யிலும் இன்ட் இதே 16 பிட்தான். அங்கே 32,767-உடன் ஒண்ணு கூட்டிப் பாருங்க. எந்த எரரும் காட்டாம, மைனஸ் 32,768-னு பதில் வரும்.