சிதறல் பாய்ந்த சுவருக்கு வர்ணம் பூசுதல்

2010 இல் கிளிநொச்சியில் மீளக்குடியேறியபோது எங்கள் வீட்டில் சுவர்கள் மட்டுமே நின்றன. கூரை போட்ட கையோடு துளைகளைச் சீமெந்தால் அடைத்து வர்ணமும் பூசினேன். அடுத்த மாரியில் துளையிருந்த இடமெல்லாம் செம்பழுப்பாகக் கசிந்தது. உள்ளே கிடந்த எறிகணைச் சிதறல்கள் துருப்பிடித்திருந்தன.

கடந்த ஆனியில் மீண்டும் தொடங்கினேன். முதலில் சிதறல்களைக் கொத்தி எடுத்தேன். வெடிக்காத பொருள்போல ஏதும் தெரிந்தால் தொடாதீர்கள். கண்ணிவெடி அகற்றுவோருக்கு அறிவியுங்கள். பிறகு பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, துளைகளைச் சீமெந்துச் சாந்தால் நிரப்பினேன். புதுச் சாந்து இறுகிக் காய ஏறத்தாழ 28 நாட்கள் விட வேண்டும். ஈரச் சுவரில் பூசினால் வர்ணம் கொப்பளித்து உரியும்.

காய்ந்தபின் வெளிச்சுவருக்கான அடிப்பூச்சு ஒருமுறை, வர்ணம் இருமுறை. கொதிக்கும் சுவரில் வர்ணம் சரியாகப் பிடிக்காது. அதனால் காலையில் மேற்குச் சுவர், மாலையில் கிழக்குச் சுவர் என நிழலிலேயே பூசினேன். ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிந்துவிட வேண்டும்.

விறாந்தையோரத் துளை ஒன்றை மட்டும் அம்மா அடைக்கவிடவில்லை. அப்பா விழுந்த இடம் அது. உள்ளிருந்த இரும்பை எடுத்துவிட்டு, துளையைச் சுற்றிப் பூசினேன்.